ஷாஃப்ட் டிரைவ் பைக்ல ஃபைனல் டிரைவ் ஆயில் மாத்துறது எப்படி: முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு

செயின் பைக்ல இருந்து ஷாஃப்ட் டிரைவ், அதாவது செயினுக்கு பதிலா ஒரு இரும்புத் தண்டு பின் வீலை சுத்துற டூரிங் பைக்குக்கு மாறினவங்களுக்கு பெரிய நிம்மதியே செயின் வேலை ஒழிஞ்சதுதான். செயினுக்கு லூப் (மசகு) அடிக்க வேண்டாம், டைட் பாக்க வேண்டாம், ஸ்ப்ராக்கெட் மாத்த வேண்டாம். அதெல்லாம் சரிதான், ஆனா அந்த நிம்மதியிலேயே பின் வீல் நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்குற ஃபைனல் டிரைவ்னு ஒண்ணை நிறைய பேர் அடியோட மறந்துடுறாங்க. இன்ஜின் ஆயில் எந்த பிராண்டுன்னு மணிக்கணக்கா சண்டை போடுறவங்ககிட்ட போய் "ஃபைனல் டிரைவ் ஆயில் கடைசியா எப்போ மாத்துனீங்க"ன்னு கேட்டா முழிப்பாங்க. இத்தனைக்கும் பைக்ல இருக்குற வேலையிலேயே இது ரொம்ப ஈசி, அரை மணி நேரம் போதும், ஆயிலும் பெரும்பாலான பைக்ல 200 மில்லி பக்கம்தான் பிடிக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். இன்ஜின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் பைக்கோட நீளவாக்குல சுத்துது, வீல் அதுக்கு குறுக்குவாக்குல சுத்தணும், அந்த 90 டிகிரி திருப்பத்தை கொடுக்குறதுதான் ஃபைனல் டிரைவுக்குள்ள இருக்குற கிரவுன், பினியன்ங்கற ரெண்டு பல்சக்கரமும். 1923ல வந்த பிஎம்டபிள்யூ ஆர்32ல இருந்து இன்னைக்கு ஓடுற கோல்ட் விங் வரைக்கும் அடிப்படை இதேதான். இந்த பல்லுங்க ஒண்ணு மேல ஒண்ணு உருளுறதோட நிக்காது, பயங்கர அழுத்தத்துல வழுக்கிக்கிட்டும் போகும், சாதாரண ஆயிலா இருந்தா அந்த இடத்துல படலம் அறுந்து இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிச்சிடும். அதனாலதான் கியர் ஆயில்ல கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த கெமிக்கல் போடுறாங்க, சூடும் அழுத்தமும் சேரும்போது அது பல்லு மேல ஒரு மெல்லிய பூச்சா உக்காந்து பல்லை காப்பாத்துது. கியர் ஆயில் பாட்டிலை திறந்ததும் மூக்கை துளைக்கிற நாத்தம் இந்த கந்தகத்தோட வேலைதான்.

இன்னொரு முக்கியமான விஷயம், பொதுவா இதுக்குள்ள பம்ப்பும் கிடையாது ஃபில்டரும் கிடையாது. கிரவுன் வீல் அடியில ஆயில்ல முங்கி சுத்தும்போது ஆயில் தெறிச்சு எல்லா பக்கமும் படுது, அவ்வளவுதான் சிஸ்டம். பல்லுல இருந்து தேய்ஞ்சு வர்ற இரும்புத் தூள் நீங்க வடிக்கிற வரைக்கும் உள்ளயேதான் சுத்திக்கிட்டு இருக்கும். இருக்குறதே கொஞ்சம் ஆயில், அதுலயும் தூள், அப்புறம் பேரிங் என்ன பண்ணும் பாவம்.

எப்போ மாத்தணும்னா உங்க பைக் மேனுவல் சொல்றதுதான் முடிவு. புது பைக்ல முதல் சர்வீஸ்லயே, அதாவது 1000 கி.மீ. பக்கத்துல, மாத்த சொல்லி நிறைய மேனுவல்ல இருக்கும், புது பல்லு ஒண்ணோட ஒண்ணு பழகும்போதுதான் தூள் அதிகமா வரும்ங்கறதால அதை தயவுசெஞ்சு தவறவிடாதீங்க. அதுக்கு அப்புறம் 20,000 கி.மீ. அல்லது ரெண்டு வருஷம்ங்கற மாதிரி இடைவெளி வரும், பைக்குக்கு பைக் மாறும். ஆத்துல, வெள்ளத்துல பின் வீல் அச்சு முங்குற அளவுக்கு இறக்கி ஓட்டியிருந்தீங்கன்னா கி.மீ. கணக்கு பாக்காம மாத்திடுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பைக்குன்னா பழைய ஓனர் "இப்பதான் மாத்துனேன்"னு சொன்னாலும் ஒரு தடவை நீங்களே வடிச்சு பாத்துடுறது நல்லது, ஏன்னா பழைய ஆயில் வாயை திறக்காமலே எல்லா உண்மையும் சொல்லிடும், அதை கீழ விலாவரியா சொல்றேன்.

எந்த ஆயில்

மேனுவல்ல ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு கெட்டித்தன்மை, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90ன்னு போட்டிருக்கும், சில பைக்குக்கு வெறும் 80ன்னோ 90ன்னோ இருக்கும். இன்னொண்ணு தரம், ஜிஎல்-4ன்னோ ஜிஎல்-5ன்னோ இருக்கும். ஜிஎல்-5ல நான் மேல சொன்ன அந்த பல்லைக் காக்குற கெமிக்கல் அதிகம். மேனுவல் ஜிஎல்-5 கேட்டா ஜிஎல்-4 ஊத்தாதீங்க. ஜிஎல்-5 பித்தளையை அரிச்சுடும்னு ஒரு பேச்சு ஓடும், அது பித்தளை பார்ட்ஸ் இருக்குற சில கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்ட கதை, ஹைபாய்டு ஆயில் (வழுக்கி உருளுற பல்லுக்கான கியர் ஆயில்) கேக்குற ஃபைனல் டிரைவுக்கு அதை போட்டு குழப்பிக்க வேண்டாம். சில கம்பெனி தனியா ஒரு கிரேடு, தனியா ஒரு ஆயில்னு சொல்லியிருப்பாங்க, அப்படி இருந்தா அதையே போடுங்க, 200 மில்லில மிச்சம் பிடிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, "இன்ஜினுக்கு 40, இதுக்கு 90ன்னா ரெண்டு மடங்கு கெட்டியா?"ன்னு. இல்லீங்க. இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எஸ்ஏஇ (ஆயில் கெட்டித்தன்மைக்கு நம்பர் கொடுக்குற அமைப்பு) அளவுகோலே வேற வேற, கியர் ஆயில் 90ங்கறது உண்மையான கெட்டித்தன்மையில கிட்டத்தட்ட 40, 50 நம்பர் இன்ஜின் ஆயில் கிட்டதான் வரும். அதுக்காக இன்ஜின் ஆயிலை ஊத்திடலாமான்னு கேக்காதீங்க, கெட்டி ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்குற கெமிக்கல் வேற.

என்னென்ன வேணும்

ஆயில், அது போக ஆயில் ஊத்துற, வடிக்கிற ரெண்டு போல்ட்டுக்கும் புது வாஷர் (சில பைக்ல வாஷருக்கு பதிலா ஓ-ரிங்), போல்ட்டுக்கு சரியா உக்கார்ற சாக்கெட் இல்ல ஆலன் கீ, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து இறுக்குற ஸ்பேனர்), வடிக்க ஒரு சின்ன தட்டு, பழைய பிரஷ், வேஸ்ட் துணி, பிரேக் கிளீனர், ரப்பர் கிளவுஸ். அப்புறம் ஊத்துறதுக்கு 60 மில்லி சிரிஞ்சும் அதுல மாட்ட ஒரு அடி பிளாஸ்டிக் டியூபும். புனல் வச்சு ஊத்திக்கலாம்னு நினைப்பீங்க, ஆனா ஆயில் ஊத்துற ஃபில்லர் ஓட்டை நிறைய பைக்ல பக்கவாட்டுல இருக்கும், மேல சைலன்சரோ பேனியர் (பக்கவாட்டு பெட்டி) ஸ்டாண்டோ மறைக்கும், சிரிஞ்சுதான் வேலைக்கு ஆகும். அளவும் அதுலயே தெரிஞ்சிடும். கிளவுஸ் விஷயத்துல சோம்பேறித்தனம் படாதீங்க, கையில பட்டா அந்த நாத்தம் சோப்பு போட்டாலும் லேசுல போகாது, வீட்டுல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க.

வாஷர் பத்தி ஒரு வார்த்தை. அது நசுங்கி உக்காந்துதான் சீல் பண்ணுது, ஒரு தடவை நசுங்கினது மறுபடி சரியா நசுங்காது, அதனால புதுசு போடுங்க. செம்பு வாஷரா இருந்தா சிவக்க காய்ச்சி ஆறவச்சு திரும்ப போடுற பழைய ஆளுங்க இருக்காங்க, அது நடக்குற காரியம்தான், அலுமினியத்துல அந்த வித்தை வேண்டாம். டெஃப்லான் டேப் சுத்துறதும் வேண்டாம், பிஞ்சு உள்ள விழுந்தா அது வேற தலைவலி.

வேலைக்கு வருவோம்

முதல்ல பைக்கை பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. ஆயில் சூடானா இளகி ஓடும், அடியில தங்கின தூளும் அதோட கலந்து வெளிய வரும். ஆறிப்போன கியர் ஆயில் தேன் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும், பாதி உள்ளயே ஒட்டிக்கும். ஓட்டிட்டு வந்த உடனே கையை விடாதீங்க, சைலன்சர் பக்கத்துலயே இருக்கும், அது கொஞ்சம் ஆறட்டும்.

சமமான தரையில சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரல்ல விடுங்க, இன்ஜின் ஆஃப், சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டுக்குங்க. சைடு ஸ்டாண்ட்ல வச்சு லெவல் பாத்தா அது லெவலே இல்ல. சென்டர் ஸ்டாண்ட் இல்லாத பைக்னா பேடாக் ஸ்டாண்ட் (பின் வீலை தூக்கி நிறுத்துற தனி ஸ்டாண்ட்) போட்டு வண்டி நேரா நிக்குதான்னு பாத்துக்குங்க.

இப்போ எந்த போல்ட்டுன்னு கண்டுபிடிக்கணும். மேனுவல் படத்தை பக்கத்துலயே விரிச்சு வச்சுக்குங்க. ஃபைனல் டிரைவ்ல கவரை பிடிச்சிருக்குற போல்ட் சுத்திலும் வரிசையா இருக்கும், அதுங்க மேல கை வைக்கவே கூடாது. நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு, மேல் பக்கமோ பக்கவாட்டுலயோ ஃபில்லர், அடியில ஆயில் வடிக்கிற டிரெயின். சில மாடல்ல டிரெயின் போல்ட்டை தொடவே வீலை கழட்ட வேண்டியிருக்கும், சிலதுல அதோட இடமே விசித்திரமா இருக்கும், அதெல்லாம் மேனுவல் பாத்தாத்தான் தெரியும். ரெண்டையும் சுத்தி இருக்குற மண்ணு, பிசுக்கை பிரஷ்ஷால தேய்ச்சு துடைச்சிடுங்க. போல்ட்டை கழட்டுனதும் அந்த மண்ணு நேரா உள்ளதான் போகும், உள்ள ஃபில்டர் இல்லன்னு முன்னாடியே சொன்னேன்ல.

இந்த கட்டுரையில ஒரே ஒரு வரி ஞாபகம் இருந்தா போதும்னா அது இதுதான்: ஃபில்லர் போல்ட்டை முதல்ல கழட்டுங்க, டிரெயின் அதுக்கு அப்புறம். பல வருஷமா யாரும் தொடாத ஃபில்லர் போல்ட் இறுகிப்போய் வராமலே அடம் பிடிக்கும், இல்ல தலை வழுக்கிடும். டிரெயினை முதல்ல திறந்து எல்லாத்தையும் வடிச்சிட்டு அப்புறம் ஃபில்லர் வரலன்னா ஆயில் ஊத்த வழி இல்லாம பைக் அங்கயே நிக்கும். ஃபில்லர் முதல்ல வரலன்னா நஷ்டம் ஒண்ணும் இல்ல, பழைய ஆயில் உள்ளயே இருக்கு, அப்படியே ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிட்டு போயிடலாம். இறுகின போல்ட்டுக்கு ஓரம் தேய்ஞ்ச ஆலன் கீயை போட்டு மல்லுக்கட்டாதீங்க, புது பிட் போட்டு, சுத்தியால மேல லேசா ரெண்டு தட்டு தட்டி, அப்புறம் நிதானமா அழுத்தம் கொடுங்க.

ஃபில்லரை கழட்டுனதும் உள்ள எட்டிப் பாத்து ஆயில் எந்த மட்டத்துல நிக்குதுன்னு பாத்துக்குங்க. அப்புறம் தட்டை கீழ வச்சு, டயருக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல துணியோ அட்டையோ சொருகி மறைச்சு, டிரெயினை கழட்டுங்க. கடைசி மரை விடும்போது ஆயில் நேரா கீழ விழாது, முதல்ல கொஞ்சம் தூரமா பீச்சும், தட்டை அதுக்கு தகுந்த மாதிரி வைங்க. வீலை கையால மெதுவா ரெண்டு சுத்து சுத்தினா பல்லுல ஒட்டினதும் இறங்கும், ஸ்போக்ல விரல் மாட்டாம பாத்துக்குங்க. இதுக்காக இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கியர்ல போடுற வேலையே வேண்டாம், உள்ள ஆயில் இல்ல, வெளிய உங்க கை இருக்கு. சொட்டு சொட்டா நிக்கிற வரைக்கும் பத்து நிமிஷமாவது விடுங்க.

பழைய ஆயிலை பாக்குறது

அந்த பத்து நிமிஷத்துல போய் உக்காந்துடாதீங்க. என்னை கேட்டா இந்த வேலையோட உண்மையான பலனே இங்கதான் இருக்கு. ஃபைனல் டிரைவ் எப்படி இருக்குன்னு பிரிக்காம தெரிஞ்சுக்க இதை விட மலிவான வழி வேற கிடையாது.

டிரெயின் போல்ட் நுனியில நிறைய பைக்ல காந்தம் இருக்கும். அதுல கருஞ்சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒரு பசை ஒட்டியிருக்கும். அதை விரல்ல எடுத்து கட்டை விரலோட தேய்ச்சு பாருங்க. வழவழன்னு, துகளே கைக்கு தட்டுப்படாம இருந்தா அது சாதாரண தேய்மானம், கவலையே வேண்டாம். நறநறன்னு இருந்தா கொஞ்சம் உஷாராகணும். வெளிச்சத்துல தகடு தகடா மின்னுற துணுக்கு, ஊசி மாதிரி சிராய், இல்ல உடைஞ்ச பல்லோட ஓரம் மாதிரி ஏதாவது இருந்துச்சுன்னா பேரிங்கோ பல்லோ போக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், புது ஆயில் ஊத்திட்டு டூர் கிளம்பாதீங்க, அவிழ்த்து பாக்குற ஆள்கிட்ட கொண்டு போங்க. அந்த துணுக்கை துணியில சுத்தி பத்திரமா வச்சு காட்டுங்க, அதை பாத்தாலே அனுபவம் உள்ள மெக்கானிக் எந்த பார்ட்டுன்னு பாதி யூகிச்சிடுவார்.

அடுத்தது நிறம். புது பைக்கோட முதல் ஆயில் வெள்ளி பூசின மாதிரி பளபளன்னு வந்தா பயந்துடாதீங்க, பல்லு பழகுன தூள் அது. ரெண்டாவது, மூணாவது தடவையும் அதே பளபளப்புன்னா யோசிக்கணும். பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தா தண்ணி புகுந்திருக்கு, ஆயில் சீல் போயிருக்கலாம், இல்ல மேல இருக்குற மூச்சுக்குழாய் (உள்ள காத்து போய் வர்ற பிரீதர்) வழியா இழுத்திருக்கலாம். சூடா இருக்குற ஃபைனல் டிரைவை திடீர்னு தண்ணிக்குள்ள இறக்குனா உள்ள காத்து சுருங்கி வெளியில இருக்குற தண்ணியை உள்ள இழுக்கும், ஆத்தை கடந்தவங்களுக்கு இது வர்றதுக்கு அதுதான் காரணம். கருகின வாடையோட கன்னங்கரேல்னு வந்தா ரொம்ப நாள் மாத்தாம ஓட்டியிருக்காங்க, இல்ல ஆயில் கம்மியா இருந்து சூடாகியிருக்கு. ஆனா மாலி (மாலிப்டினம் சேர்ந்த கருப்பு தூள்) கலந்த ஆயில் புதுசுலயே கருப்பாதான் இருக்கும், அதனால முன்னாடி என்ன ஊத்தினாங்கன்னு தெரியாம நிறத்தை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, வாடையையும் காந்தத்தையும் சேத்து பாருங்க.

வடிச்சதை அளந்தும் பாருங்க. 200 மில்லி இருக்க வேண்டிய இடத்துல 190 வந்தா பரவால்ல, உள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். 120தான் வந்துச்சுன்னா மிச்சம் எங்கயோ போயிருக்கு, வீல் ரிம்மோட உள் பக்கம், ஷாஃப்ட் ரப்பர் பூட், சீல் ஓரம்னு தேடுங்க. கையோட கையா வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டி பாருங்க, அப்புறம் முன்னாடி பின்னாடி பிடிச்சு ஆட்டுங்க. மேனுவல்ல சொன்னதை மீறி டக் டக்னு ஆட்டம் தெரிஞ்சா பேரிங்கை காட்டணும்.

மூடி, ஊத்தி, முடிக்கிறது

காந்தத்தை துடைச்சு, புது வாஷர் போட்டு, டிரெயின் போல்ட்டை முதல்ல வெறும் விரலால திருகுங்க. மூணு நாலு சுத்து லேசா போகணும், போகலன்னா மரை கோணலா பிடிச்சிருக்கு, கழட்டி மறுபடி ஆரம்பிங்க. ஹவுசிங் அலுமினியம், போல்ட் இரும்பு, சண்டை வந்தா தோக்குறது எப்பவும் ஹவுசிங்தான், மரை போச்சுன்னா செலவு எங்கயோ போயிடும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்ல. நிறைய பைக்ல 20ல இருந்து 25 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும், உதாரணத்துக்கு யமஹா எஃப்ஜேஆர்1300க்கு 23, ஃபில்லருக்கு இன்னும் கம்மியா சொல்ற பைக்கும் உண்டு, உங்க மேனுவல்ல இருக்குறதை போடுங்க. 23ங்கறது கைக்கு ரொம்ப கம்மியா தெரியும், "இன்னும் ஒரு இழு இழுத்துக்கலாம்"னு தோணும், அந்த ஒரு இழுப்புதான் மரையை சாப்பிடுறது.

இனி ஊத்துறது. ரெண்டு விதமான பைக் இருக்கு. சிலதுல லெவல்தான் கணக்கு, ஃபில்லர் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஆயில் வந்து வழியப்போற மாதிரி நிக்கணும். சிலதுல அளவுதான் கணக்கு, இத்தனை மில்லின்னு அளந்து ஊத்திட்டு மூடணும், விளிம்பு வரைக்கும் நிரப்பவே கூடாது. உங்களோடது எதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க, இதை மாத்தி பண்றவங்க நிறைய பேர். அளவு பைக்ல விளிம்பு வரைக்கும் ஊத்தினா ஓடும்போது ஆயில் சூடாகி விரியும், நுரைக்கும், உள்ள அழுத்தம் ஏறும், மூச்சுக்குழாய் வழியாவோ சீல் வழியாவோ வெளிய தள்ளும். அது போய் விழுற இடம் பின் டயரும் பின் பிரேக்கும். அதனால "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே"ங்கற நினைப்பு இதுல ஆகாது.

சிரிஞ்ச்ல உறிஞ்சும்போது காத்து குமிழ் சேர்ந்து வந்தா அளவு தப்பும், மெதுவா இழுங்க. 200 மில்லின்னா மூணு முழு சிரிஞ்ச், அப்புறம் ஒரு 20. லெவல் பாக்குற பைக்னா கிட்டத்தட்ட நிறைஞ்சதும் நிறுத்தி வீலை கையால ரெண்டு சுத்து சுத்திட்டு, அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க, கெட்டி ஆயில் உள்ள பரவி அடங்க நேரம் எடுக்கும், மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்போ மிச்சத்தை ஊத்துங்க. ஃபில்லருக்கும் புது வாஷர் இல்ல ஓ-ரிங், ஓ-ரிங்னா ரெண்டு சொட்டு ஆயில் தடவி போடுங்க, டார்க் வச்சு மூடுங்க.

சிந்தினது எல்லாத்தையும் துடைங்க. டிஸ்க்ல ஒரு சொட்டு பட்டிருந்தாலும் பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தமான துணியால துடைங்க. டயர்ல பட்டிருந்தா சோப்பு தண்ணி போட்டு தேய்ச்சு கழுவுங்க. பிரேக் பேட்ல ஆயில் ஊறிடுச்சுன்னா அந்த பேடை நம்பாதீங்க, மாத்திடுங்க. ஹவுசிங்கை பளிச்னு துடைச்சு வைக்கிறது அழகுக்கு இல்ல, நாளைக்கு கசிவு வந்தா உடனே கண்ணுக்கு தெரியணும்னுதான்.

பழைய ஆயிலை சாக்கடையிலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க, ஒரு காலி பாட்டில்ல அடைச்சு பழைய ஆயில் எடுக்குற இடத்துல கொடுத்துடுங்க. கி.மீ., தேதி, ஆயில் கிரேடு, வடிச்ச அளவு, காந்தத்துல என்ன இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வைங்க, முடிஞ்சா காந்தத்தை ஒரு போட்டோவும் எடுத்து வைங்க, அடுத்த தடவை ஒப்பிட்டு பாக்க ஏதாவது வேணும்ல.

முதல் பத்து கி.மீ. நிதானமா ஓட்டுங்க, பின் பிரேக்கை ரெண்டு மூணு தடவை பிடிச்சு பாருங்க. திரும்பி வந்ததும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஒரு டிஷ்யூ பேப்பரை ரெண்டு போல்ட்டை சுத்தியும் ஒத்தி எடுங்க. காஞ்சு இருந்தா வேலை முடிஞ்சது. லேசா ஈரம்னா துடைச்சிட்டு மறுநாள் மறுபடி ஒத்தி பாருங்க, சிந்தின மிச்சமா இருக்கலாம். மறுநாளும் ஈரமா இருந்தா இன்னும் இறுக்கி அடக்க பாக்காதீங்க, வடிச்சு, கழட்டி, வாஷர் கோணலா உக்காந்திருக்கா, பழைய வாஷர் அடியிலயே ஒட்டிக்கிட்டு ரெண்டு வாஷரா ஆயிடுச்சான்னு பாருங்க. பல நேரம் அந்த ரெண்டாவதுதான் காரணமா இருக்கும்.